நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஸ்பைனா பைஃபிடா என்பது முதுகில் வரும் ஒரு பிறவிக் குறையின் பெயர். லத்தீனில் ஸ்பைனா என்றால் முள். முதுகெலும்பின் கணுக்கள் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருப்பதால் எலும்புக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முள்ளந்தண்டு என்று நாமும் அதையேதான் சொல்கிறோம். ஸ்பானிஷில் எஸ்பினா. ரோஜாச் செடியில் குத்துவதும் எஸ்பினா, மீன் சாப்பிடும்போது தொண்டையில் மாட்டுவதும் எஸ்பினா. பைஃபிடாவை அவர்கள் பிஃபிடா என்பார்கள், பாம்பின் பிளந்த நாக்குக்குச் சொல்கிற சொல். டெக்சஸில் ஸ்கேன் பார்த்த கையோடு 'எஸ்பினா பிஃபிடா' என்று ஒரு மெக்சிகோக்காரப் பெண்ணிடம் சொன்னால், இரண்டு சொல்லும் அவளுக்குக் கேட்ட சொற்கள்தான். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் விளங்காது.

ஆனது இதுதான். கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள், தட்டையாகக் கிடக்கும் ஒரு திசு சுருண்டு குழாயாகி, மேலும் கீழும் மூடிக்கொள்ள வேண்டும். மூளையும் தண்டுவடமும் அந்தக் குழாயிலிருந்துதான் உருவாகின்றன. முதுகுப் பக்கம் எங்காவது மூடாமல் விட்டுப்போனால் அது ஸ்பைனா பைஃபிடா. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பல பெண்களுக்கு உறைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கடுமையான வகையில் தண்டுவடம் முதுகுக்கு வெளியே பைபோலப் பிதுங்கி நிற்கும். பிறந்த ஓரிரு நாளில் அறுவை செய்து மூடிவிடுவார்கள். சேதமான நரம்பு திரும்பி வராது. கால்களில் பலம் இருக்காது அல்லது குறைவாக இருக்கும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நிற்காது. பலருக்கு மூளையில் நீர் கோர்த்துக்கொள்ளும். அதை வயிற்றுக்குள் வடியவிட, ஷன்ட் என்ற மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் பதிப்பார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,400 குழந்தைகள் இந்தக் குறையோடு பிறக்கின்றன. லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களில் இந்த விகிதம் மற்றவர்களைவிட அதிகம். அதிலும் மெக்சிகோவில் பிறந்து குடியேறிய பெண்களுக்கு, அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிக வம்சாவளிப் பெண்களைவிட ஆபத்து கூடுதல் என்று கலிஃபோர்னியா ஆய்வுகள் காட்டின. ஒரே வம்சம், எல்லையைத் தாண்டி ஒரு தலைமுறை கழிந்ததும் வேறு கணக்கு. ஏன்?

பதிலில் ஒரு பகுதி மாவில் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் போதுமான அளவு கிடைத்தால் இந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வோடு உறுதியானது. முன்பு ஒருமுறை இப்படிக் குழந்தை பெற்ற பெண்களுக்கு மறுபடி நேர்வது அந்த ஆய்வில் 72 சதவீதம் குறைந்தது. அதே 1991 ஏப்ரலில், டெக்சஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் பிரவுன்ஸ்வில் நகரத்து மருத்துவமனை ஒன்றில், 36 மணி நேரத்துக்குள் மூளை வளராத 3 குழந்தைகள் பிறந்தன. ஸ்பைனா பைஃபிடாவின் கொடுமையான உடன்பிறப்பு அது, குழாயின் மேல்முனை மூடாமல் போவது. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலைகளின் கழிவுதான் காரணம் என்று ஊரே பேசியது. பின்னால் வந்த ஆராய்ச்சி, பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் இருக்கும் ஃபுமோனிசின் என்ற நச்சையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. உடம்பு அந்த பி வைட்டமினைப் பயன்படுத்துவதை அது கெடுக்கும்.

1998 ஜனவரி முதல் அமெரிக்காவில் சத்தூட்டிய கோதுமை மாவு, பிரெட், பாஸ்தா எல்லாவற்றிலும் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமானது. மெக்சிகோக்காரர் வீட்டில் மூன்று வேளையும் தட்டில் விழுவது டோர்டியா என்ற ரொட்டி. அதற்கான மாஸா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு அரைத்த மாவு. அந்த மாவு விதியில் இல்லை. நம் ஊரில் பிரெட்டுக்குச் சத்துச் சேர்த்துவிட்டு இட்லி அரிசியை மறந்துவிட்ட மாதிரி. சேர்க்கலாம் என்று அனுமதி வந்ததே 2016 ஏப்ரலில்தான், அதுவும் விருப்பப்பட்டால். சேர்த்தே ஆகவேண்டும் என்று கலிஃபோர்னியா 2024-இல் சட்டம் போட்டது, 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கட்டாய விதியில் மாஸாவை விட்டதற்கும் அதைச் சேர்த்ததற்கும் நடுவில் 28 ஆண்டுகள். இடையில் பிறந்தவர்களில் பலருக்கு இப்போது பள்ளி வயதோ கல்லூரி வயதோ ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் கலாசாரம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மெக்சிகோக் குடும்பங்களைப் பற்றி எழுதும் மருத்துவக் கட்டுரைகளில் கிரகணம் அடிக்கடி தலைகாட்டும். கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும், உடம்பில் ஊனம் வரும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. அஸ்டெக் காலத்தில் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியால் செய்த கத்தியை வைத்துக்கொண்டார்களாம். இப்போது ஊக்கு குத்திக்கொள்கிறார்கள், அல்லது வயிற்றருகே சாவியைத் தொங்கவிடுகிறார்கள். கிரகணத்தன்று கத்தியைத் தொடாதே, காய் நறுக்காதே, வெளியே வராதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. உலகத்தின் இரண்டு ஓரங்களில் ஒரே பயம். நம் வீட்டுப் பெண்கள் கிரகணத்தன்று உள்ளே உட்கார்ந்துவிட்டு மறுநாள் காலை டாக்டர் எழுதிய ஃபோலிக் மாத்திரையையும் விழுங்குவதில்லையா? அங்கேயும் அப்படித்தான். நம்பிக்கை மாத்திரைக்குக் குறுக்கே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறுக்கே நிற்பவை வேறு.

நம்பிக்கை உண்மையில் வேலை செய்யும் இடம் குற்ற உணர்ச்சி. 'என் வயிற்றில் இருக்கும்போது நான் என்ன செய்தேன்' என்ற கேள்வியை ஒரு தாய் வருடக்கணக்கில் சுமப்பாள். அதை இறக்கிவைக்க, 28 நாள் கதையை யாராவது அவளுடைய மொழியில் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சரி, மொழி. இந்த நோயில் அறுவைக் கூடம் சிறிய பகுதி. மீதி வாழ்க்கை, தினமும் செய்யவேண்டிய கைவேலை. 1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஜாக் லாப்பிடெஸ் ஒரு வழியைச் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரத்தில் விட்டு, சிறுநீர்ப்பையைக் காலிசெய்துவிட்டு எடுத்துவிடுவது. கிருமிநீக்கம் செய்த கையுறையெல்லாம் வேண்டாம், சுத்தம் போதும் என்றார். அன்றைக்குப் பலர் நம்பவில்லை. அந்த எளிய வேலைதான் இந்தக் குழந்தைகளின் சிறுநீரகங்களைக் காப்பாற்றியது. சிறுநீர் தேங்கினால் பையில் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் மேலே திரும்பி சிறுநீரகத்தை அடிக்கும். வலி தெரியாது. நரம்புதான் இல்லையே. பல வருடம் சத்தமில்லாமல் நடந்து ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

குழாயை ஸ்பானிஷ் வீடுகளில் சோண்டா என்பார்கள். ஷன்ட்டுக்கு வால்வுலா. ஒரு நாளைக்கு ஐந்தாறு குழாய் என்றால் மாதத்துக்கு 150, 180. எத்தனை அங்குலம் உள்ளே போகவேண்டும், பெண் குழந்தைக்குக் கண்ணாடி வைத்து எப்படித் தேடுவது, சிறுநீர் கலங்கலாக வந்தால் எப்போது பயப்படுவது, எப்போது பயப்படத் தேவையில்லை, லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால் பிறந்தநாள் பலூனைக்கூட ஏன் ஒதுக்கவேண்டும், உணர்ச்சியில்லாத காலில் செருப்புக் கடித்த புண்ணை தினமும் ராத்திரி எப்படிப் பார்ப்பது. எல்லாமே வாயால் சொல்லி, கையால் காட்டிக் கொடுப்பவை. இதை ஒரு நர்ஸ் இருபது நிமிடத்தில் சொல்லிமுடிக்க வேண்டும், இடையில் ஒருவர் பெயர்த்துச் சொல்லவும் வேண்டும்.

மாத்திரைப் புட்டியில் ஒட்டிய சீட்டு பல நேரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தினம் ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'ஒன்ஸ்' என்ற சொல்லின் அதே நான்கு எழுத்து ஸ்பானிஷில் 'ஓன்சே' என்று படிக்கப்படும். அதற்குப் பொருள் பதினொன்று. சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்தைத் தினம் பதினொரு முறை கொடு என்று ஒரு தாய் வாசிக்க முடியும். அங்கே அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் இது.

இன்னொரு கதையும் சொல்வார்கள். 1980-இல் ஃபுளோரிடாவில், கியூபக் குடும்பத்து இளைஞன் ஒருவனைச் சுயநினைவு இல்லாமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். வயது 18. குடும்பத்தார் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்குக் கியூபாக்காரர்கள் சொல்கிற சொல். போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கையும் காலும் செயலிழந்துவிட்டன. வழக்கு சுமார் 7 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. ஷன்ட் வைத்த பிள்ளையின் பெற்றோருக்கு இந்தக் கதை வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் ஷன்ட் அடைத்துக்கொண்டால் வரும் அறிகுறிகளும் இதே ரகம்தான். தலைவலி, வாந்தி, ஒரு மந்தம். 'பிள்ளை எப்போதும் போல இல்லை' என்று தாய்க்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை நடுராத்திரியில் அவசரப் பிரிவில் ஆங்கிலத்தில் சொல்லி நம்பவைக்க வேண்டும்.

பெயர்த்துச் சொல்ல யார் இருப்பார்? பல நேரம் பிள்ளையே. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தை மருத்துவர்களும் ஸ்பானிஷ் பேசும் தாய்மார்களும் சந்தித்த 13 சந்திப்புகளைப் பதிவுசெய்து சொல் சொல்லாகப் பார்த்தது. மொத்தம் 396 பிழைகள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை உடல்நலத்தைப் பாதிக்கக்கூடியவை. தொழில்முறை உரைபெயர்ப்பாளர் இல்லாத இடங்களில் ஆபத்தான பிழைகளின் பங்கு அதிகம். (தமிழ்நாட்டில் நாம் பேச்சுக்கும் எழுத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் என்றே சொல்கிறோம். பேச்சைப் பெயர்ப்பவருக்கு உரைபெயர்ப்பாளர் என்ற தனிச்சொல் ஈழத்தமிழர்களிடம் புழங்குகிறது. தேவைதான் சொல்லைப் பிறப்பிக்கும்.)

ஸ்பைனா பைஃபிடாவில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிக்காதது. மூளையில் நீர் கோர்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர் நன்றாகப் பேசுவார்கள். சரளம், பெரியவர்கள் மாதிரிச் சொற்கள், சிரித்த முகம். ஆனால் சொன்னதைக் கோர்த்துப் பொருள் எடுப்பது, சொல்லாததை ஊகிப்பது, வேலைகளை வரிசைப்படுத்துவது, நேரத்துக்கு நினைவு வைப்பது, இவைதான் அவர்களுக்குக் கடினம். டொரொன்டோவிலும் ஹூஸ்டனிலும் பல ஆண்டு நடந்த நரம்பியல் ஆய்வுகள் இதை விளக்கமாகக் காட்டியிருக்கின்றன. ஆக, வீட்டிலேயே நன்றாக ஆங்கிலம் பேசும் பையன் என்று அம்மா நம்பி முன்னால் நிறுத்தும் அந்தப் பத்து வயதுப் பையன், சொற்களைக் கச்சிதமாகக் கடத்துவான், விஷயத்தைக் கோட்டைவிடுவான். மருத்துவர் தலையாட்டுவார், அம்மா தலையாட்டுவாள். இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள்.

குழந்தைகளை இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. 1964 சிவில் உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் உரிமை இது. ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் விதிகள், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர மற்ற நேரத்தில் சிறுவர்களை உரைபெயர்க்க வைப்பதைத் தடுக்கின்றன. அரசு அலுவலகங்கள் பிற மொழியினருக்கு வழிசெய்ய வேண்டும் என்று 2000-இல் கிளின்டன் போட்ட ஆணையை, 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணையோடு டிரம்ப் ரத்துசெய்தார். அடிப்படைச் சட்டம் அப்படியே நிற்கிறது. ஆனால் கீழே வேலை செய்பவர்களுக்கு எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பது புரிந்துவிடும்.

இதில் ஸ்பானிஷாவது பரவாயில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி பறிக்க வந்திருக்கும் ஒவாஹாகா மாநிலத்தவர் பலருக்குத் தாய்மொழி மிஷ்டெக் அல்லது திரிக்கி. மெக்சிகோவிலிருந்து வந்தவர் என்றதும் ஸ்பானிஷ் பேசும் ஒருவரைத் திரையில் அழைத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணும் மரியாதைக்கு 'ஸீ, ஸீ' என்பாள். எல்லோருக்கும் 'ஆமா ஆமா' சொல்லிவிட்டு வெளியே வந்து 'என்ன சொன்னாங்க?' என்று கேட்கும் நம் பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நல்ல செய்தி அங்கேதான், அதுவும் டெக்சஸிலிருந்து. குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைகளைச் சேர்க்க ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்குப் பள்ளியை மூடக்கூடாது என்று 1982-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டே ஆண்டில் இன்னொரு வழக்கு, இர்விங் என்ற ஊரிலிருந்து. ஸ்பைனா பைஃபிடா உள்ள எட்டு வயதுச் சிறுமிக்குப் பள்ளி நேரத்தில் குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்க ஆள் வேண்டும். அது மருத்துவம், எங்கள் வேலை இல்லை என்றது பள்ளி. சில நிமிட வேலை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி இருந்தால் சாதாரண ஆளே செய்யலாம், இது பள்ளியின் பொறுப்புதான் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணமில்லாமல் வந்த, ஸ்பைனா பைஃபிடா உள்ள ஒரு பிள்ளை இன்று அமெரிக்காவில் எந்த ஊர் அரசுப் பள்ளியிலும் உட்கார்ந்திருப்பது இந்த இரண்டு தீர்ப்புகளின் மேல்தான்.

ஆகவே காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை, வருடத்தில் 180 நாள், அந்தப் பிள்ளைக்கு நான்கு மணிக் கணக்கு தப்பாது. விந்தை என்னவென்றால் பல குடும்பங்களுக்கு மருத்துவமனையைவிடப் பள்ளி நர்ஸ்தான் நம்பிக்கையான ஆள். தினமும் பார்க்கிற முகம். ஸ்பானிஷில் இதற்குக் 'கொன்ஃபியான்சா' என்று ஒரு சொல். நம்பிக்கை என்று சொன்னால் பாதிதான் வரும், பழகி வந்த உரிமையும் அதில் இருக்கிறது.

பள்ளி முடிந்ததும் தரை நழுவுகிறது. அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன், ஏழையென்றால் அரசு காப்பீடு உண்டு. ஆறு வயதில் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிய பிள்ளைக்கு, எந்த மாநிலத்தில் இறங்கினார்கள் என்பதே விதி. கலிஃபோர்னியா 2016 மே மாதத்திலிருந்து ஆவணம் பார்க்காமல் 19 வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் முழு காப்பீடு கொடுக்கிறது. டெக்சஸில் அப்படி இல்லை. முறையாகக் கிரீன் கார்டு வாங்கி வந்த பெரியவர்களுக்கும் 1996 சட்டப்படி முதல் ஐந்தாண்டு மத்திய அரசு உதவி கிடையாது. காப்பீடு இல்லை என்றால் மாதம் 180 குழாய் இல்லை. ஒன்றையே கழுவிக் கழுவி வைத்துக்கொள்வார்கள். நான்கு மணி ஆறாகும், எட்டாகும்.

அப்புறம் சிறுநீரகம். அது செயலிழந்தால், ஆவணமில்லாதவர்களுக்குப் பல மாநிலங்களில் கிடைப்பது அவசர டயாலிசிஸ் மட்டும். அதாவது வாரம் மூன்று நாள் என்ற ஒழுங்கில் கிடையாது. மூச்சு முட்டி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சாகும் நிலைக்கு வந்தால்தான் இயந்திரத்தில் போடுவார்கள். இப்படி அவசர டயாலிசிஸ் மட்டும் கிடைத்த டென்வர், ஹூஸ்டன் நோயாளிகளைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒழுங்காக டயாலிசிஸ் கிடைத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வந்தது. ஐந்தாண்டில் இறக்கும் ஆபத்து 14 மடங்குக்கு மேல். அதைப் பார்த்து கொலராடோ 2019-இல் விதியை மாற்றியது. சில டாலர் குழாயை மிச்சம் பிடித்து, கடைசியில் அவசரப் பிரிவுக்குப் பல்லாயிரம் கட்டும் இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. குடும்பத்தின் கலாசாரத்தைப் பற்றி எழுதியதில் பாதியாவது இந்தக் கலாசாரத்தைப் பற்றி எழுதியிருக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்து வாழ்க்கைத் தரம் என்று ஒரு எண்ணாக்குவது எப்படி? அதற்கென்று கேள்வித்தாள்கள் இருக்கின்றன. உலகெங்கும் அதிகம் பயன்படும் 36 கேள்வித் தாள் ஒன்று, மேசையை நகர்த்த முடிகிறதா, தரையில் வாக்குவம் கிளீனர் ஓட்ட முடிகிறதா, கோல்ஃப் விளையாட முடிகிறதா என்று கேட்கும். திராட்சைத் தோட்டத்து வேலைக்காரர் வீட்டில், சக்கர நாற்காலியில் இருக்கும் மகனிடம் கோல்ஃப்! இந்த நோய்க்கென்றே செய்த தாள்கள் பின்னால் வந்தன, சிறுநீர், மலம், தன்மதிப்பு, உறவு, பாலுறவு என்று நேராகக் கேட்பவை. ஸ்பானிஷுக்கும் கொண்டுபோகிறார்கள். போகும்போது சொல் மட்டும் போனால் போதாது.

உதாரணமாக, 'தானே செய்துகொள்வது' இந்தத் தாள்களிலும் மருத்துவர்கள் மனத்திலும் உயர்ந்த மதிப்பெண். பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை தானே குழாய் விடக் கற்கவேண்டும் என்பது நல்ல இலக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வயது மகனுக்கு இன்னும் அம்மா உதவுவதைப் பார்த்து, சார்ந்திருக்கும் குடும்பம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அம்மாவைக் கேட்டால் 'பாரா எஸோ எஸ்டோய் யோ' என்பாள். அதற்குத்தானே நான் இருக்கேன். நம் வீட்டிலும் இதே பதில்தான் வரும். அதை வாழ்க்கைத் தரத்தில் கூட்டுவதா கழிப்பதா? சிகாகோவில் 140 குடும்பங்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்து, இருமொழி தெரிந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி உட்கார்ந்து கேட்டால்தான், அம்மா இருக்கிறாள் என்ற தெம்பும் அம்மாவுக்கு முதுகு போய்விட்டது என்ற பயமும் ஒரே வீட்டில் கிடப்பது தெரியும்.

இன்னும் சில கேள்விகளுக்கு மொழி தெரிந்தும் பயனில்லை. பத்தொன்பது வயதுப் பெண். நாளிதழ்த் தாள் மாதிரி நீளமான படிவம் ஸ்பானிஷில் இருக்கிறது. அவளுக்கு ஸ்பானிஷ் பேசத்தான் வரும், படித்ததெல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசிக்கிறாள். டயப்பர் நனைவது பற்றிய கேள்வி வரை பதில் வருகிறது. 'உடல் உறவின்போது உங்கள் உடம்பைப் பற்றி' என்று ஆரம்பிக்கும் கேள்வியில் அம்மாவின் குரல் இறங்குகிறது, ஒரு நொடி நிற்கிறது, பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். மகள் ஜன்னலைப் பார்க்கிறாள். அந்தக் கட்டம் காலியாகவே திரும்பிப் போகும், கணினியில் அதைப் 'பதில் இல்லை' என்று ஏற்றுவார்கள்.